இடைவிட்டுத் தோன்றும் பழுதும் சூழல் ஆய்வும்

மொழியியல் பயின்ற ஒருவன் மகிழுந்தைப் பற்றி உரைப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், வகுப்பறையில் நான் பல்லாண்டு விளக்கிவந்த ஆய்வுமுறை ஒன்றின் முழுப்பயனை, கிள்ளானில் எம் வீட்டு முற்றத்தில் நின்ற பழைய மோரிஸ் மைனர் வண்டியிடமே கண்டேன்.

1948இல் இங்கிலாந்தில் உற்பத்தி தொடங்கிய மோரிஸ் மைனர், பத்து லட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் மகிழுந்தாகும். அதில் கணினி இல்லை. பழுது இன்னதென்று காட்டும் விளக்கும் இல்லை. உரியவர்தாம் உற்றுநோக்கி அறிதல் வேண்டும்.

என் தந்தையார் விட்டுச்சென்ற அவ்வண்டி காலையில் குறையின்றிக் கிளம்பும். பிரிக்பீல்ட்ஸில் நூல் வாங்க நிறுத்தினாலோ, சில நாள் மீண்டும் கிளம்ப மறுக்கும். முக்கால் மணி நேரம் காத்திருந்தால் தானே கிளம்பும். பட்டறையில் விட்டால் அங்கே பழுது தலைகாட்டுவதில்லை. மின்கலம் மாற்றப்பட்டது, ஸ்பார்க் பிளக்குகளும் மாற்றப்பட்டன. பணம் கரைந்தது, பழுது நின்றது. வண்டியை விற்றுவிடலாம் என்று வீட்டார் முடிவு கட்டினர்.

அப்போதுதான் தமிழ்க் ககரம் நினைவுக்கு வந்தது. 'கல்' என்னும் சொல்லின் முதலில் அது வல்லொலியாக நிற்கிறது. 'தங்கம்' என்பதில் மெல்லினத்தை அடுத்து அதிர்வொலியாகிறது. 'அகம்' என்பதில் உயிர்களுக்கிடையே நெகிழ்கிறது. தமிழறியாதவர் செவிக்கு இது ஒழுங்கற்ற மாற்றம். சூழலைக் குறித்துவைத்து ஆராய்பவருக்கோ விதி புலப்படும். பழுதும் அவ்வாறே சூழலுக்குக் கட்டுப்பட்டதாகலாம் அன்றோ?

முதலில் சொல்லைத் திருத்திக்கொண்டேன். 'காடி ஸ்டார்ட் ஆகவில்லை' என்று நாம் கூறும் ஒரே தொடர், வேறுபட்ட இரு நிலைகளைக் குறிக்கிறது. ஒன்று, எஞ்சின் சுழலவே இல்லை. மற்றொன்று, சுழல்கிறது, ஆனால் எரிபற்றவில்லை. பட்டறையில் இவ்வேறுபாட்டை நான் சொல்லாததே முதற்பிழை.

எஞ்சின் சுழலாவிட்டால் முன்விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்புக. விளக்கு மிக மங்கினால் மின்கலம் வலுவிழந்திருக்கலாம். அதன் முனைகளில் பிடிப்புத் தளர்ந்திருக்கலாம். ஸ்டார்ட்டரின் பற்சக்கரம் சிக்கியிருக்கவும் கூடும். விளக்கு மங்காது நின்றால் மின்சாரம் ஸ்டார்ட்டரைச் சேரவில்லை எனக் கொள்க. முழு மின்னேற்றமுள்ள 12 வோல்ட் மின்கலம், ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். நம் நாட்டின் ஈரக்காற்றில் முனைகளில் பச்சை பூத்து, இணைப்பு சில நேரம் மட்டும் விட்டுப்போவதும் உண்டு.

எஞ்சின் சுழன்றும் எரிபற்றாவிட்டால் பெட்ரோலையும் தீப்பொறியையும் ஆராய்தல் வேண்டும். இவ்வண்டியின் மின்பம்பு, சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக்' என ஒலித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் அடங்கும். ஒலியே இல்லையெனில் பம்பின் உள்முனைகள் தேய்ந்திருக்கலாம், அல்லது அதற்கு மின்சாரம் வரவில்லை. ஒலி அடங்காவிட்டால் பெட்ரோல் தீர்ந்திருக்கலாம், அல்லது குழாயில் காற்றுப் புகுகிறது.

அடுத்து ஒரு குறிப்பேடு வைத்தேன். வண்டி மறுத்த ஒவ்வொரு முறையும் ஐந்து செய்திகளை எழுதினேன்: எஞ்சினின் சூடு, மழையா வெயிலா, நிறுத்திய நேரம், எஞ்சின் சுழன்றதா, பம்பு ஒலித்ததா. ஏழு பதிவுகள் சேர்ந்ததும் விதி தெளிவாயிற்று. ஏழிலும் எஞ்சின் சூடாக இருந்தது, நன்கு சுழன்றது, பம்பும் முறையாக ஒலித்து அடங்கியது. மின்கலம் குற்றமற்றது! மழைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பழுது நேரும் சூழலிலேயே சோதிக்க வேண்டும் என்பதால், எஞ்சின் சூடாக இருந்தபோதே பட்டறைத் தம்பி ஒருவரை அழைத்துத் தீப்பொறியைப் பார்க்கச் சொன்னேன். அது மெலிந்து மஞ்சளாக இருந்தது. சூட்டில் தளர்பவை இரண்டு: காயில், டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள கண்டென்சர். இரண்டையும் ஒருசேர மாற்றினால் எது காரணம் என்பது தெரியாமற்போகும். ஆதலின் விலை குறைந்த கண்டென்சரை மட்டும் மாற்றினோம். தீப்பொறி நீலமாயிற்று, வண்டி கிளம்பியது. அதன்பின் அது பிரிக்பீல்ட்ஸில் என்னை நிறுத்திவைத்ததில்லை.

ஆசிரியப் பெருமக்களே, இம்முறை பட்டறைக்கு மட்டும் உரியதன்று. ஒரு மாணவர் 'அவனைக் கண்டான்' என்று வல்லினம் மிகச் சரியாக எழுதுகிறார்; 'கடைக்கு சென்றான்' என்று ஒற்றை விட்டுவிடுகிறார். சில நேரம் மட்டும் நேரும் இப்பிழையைக் கவனக்குறைவு என்று கடிந்துவிடுவது எளிது. அவர் ஏட்டில் பிழை நேர்ந்த இடங்களைத் தொகுத்துப் பாருங்கள். இரண்டாம் வேற்றுமை உருபின் பின் பிழையே இல்லை, நான்காம் வேற்றுமை உருபின் பின் மட்டுமே உண்டு என்பது தெரியவரலாம். அப்போது அவருக்கு வேண்டுவது ஒரே ஒரு விதி. மின்கலத்தை வீணே மாற்றிய நான், எத்தனை மாணவரை இவ்வாறு வீணே கடிந்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கிறேன்.