அலை தேய்வதும் காரணம் ஆய்வதும்

வானொலியின் ஒலி தேய்ந்தால் பெட்டியைத் தட்டிப் பார்ப்பது மக்கள் இயல்பு. ஆனால், குறை எப்போதும் பெட்டியிலேயே இருப்பதில்லை. அலை புறப்படும் நிலையம், அது கடந்துவரும் வழி, அதனை ஏற்கும் கருவி ஆகிய மூன்றில் எதனிலும் குறை தோன்றலாம். அலையின் வலிமை குன்றினும், அதனோடு இரைச்சல் மிகுந்து கலப்பினும் செய்தி தெளிவை இழக்கும். ஆதலின், குறை எங்குள்ளது என அறிவதே அதனை நீக்குவதற்கு முதற்படியாகும்.

சிற்றலை வானொலி நெடுந்தொலைவு செல்வதற்கு அயனி மண்டலம் துணைசெய்கிறது. வானில் உயரே மின்னூட்டம் பெற்ற காற்றடுக்குகளே அம்மண்டலம். அவை சிற்றலைகளை மீண்டும் நிலத்தை நோக்கித் திருப்பிவிடுகின்றன. சிற்சில வேளைகளில், பகலில் கேட்கும் தொலைதூர நிலையங்கள் பலவும் திடீரென ஒருசேர அடங்கிவிடும். சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்திலோ தாமே மீளும். 1935-இல் அமெரிக்க இயற்பியலறிஞர் டெல்லிஞ்சர் இந்நிகழ்ச்சியைக் கதிரவனோடு தொடர்புபடுத்திக் காட்டினார்.

இத்தகைய ஆய்வுக்கு மிக ஏற்றதோர் இடம் பழநி மலைத்தொடரில் உள்ளது. கடல் மட்டத்திற்கு மேல் 2,343 மீட்டர் உயரத்தில் அமைந்த கோடைக்கானல் வானாய்வகம் 1899-இல் தொடங்கப்பெற்றது. அங்கே 1904 முதல் கதிரவனைப் படம் பிடித்து வந்தனர். பூமியின் காந்தப் புலத்தைப் பதியும் கருவிகளும் அங்கு இயங்கின. 1950-களில் அயனி மண்டலத்தை ஆராயும் கருவியும் வந்து சேர்ந்தது. அது வானை நோக்கி அலைத்துடிப்புகளை அனுப்பி, எதிரொலி மீளும் நேரத்தை அளக்கும். எதிரொலி ஒரு நொடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு நேரத்தில் மீண்டால், அடுக்கின் உயரம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் என்று கணக்கிடலாம்.

எதிரொலி மறைந்துபோயின் கருவி பழுதுற்றது என ஒருவர் எண்ணக்கூடும். ஆனால், அதே நேரத்தில் கதிரவனில் பெருஞ்சுடர் எழுந்ததும், காந்தப் பதிவில் சிறு வளைவு தோன்றியதும் தெரியவந்தால் உண்மை விளங்கும். சுடரிலிருந்து வரும் எக்ஸ் கதிர்கள் அயனி மண்டலத்தின் கீழடுக்கில் மின்னூட்டத்தை மிகுவிக்கின்றன. அவ்வடுக்கு சிற்றலைகளை விழுங்கிவிடுகிறது. கருவியில் குறையில்லை, குறை வழியிலேயே உள்ளது. அது பகல் நிலவும் நாடுகளிலேயே நிகழ்வதும் இம்முடிவை உறுதிசெய்கிறது.

இம்முறையே இன்று இல்லந்தோறும் இணையம் கொணரும் கேபிள் கம்பிகளுக்கும் பொருந்தும். கம்பியினுள் செல்லும் அலைக்குக் கதிரவனின் சுடரால் இவ்விடையூறு இல்லை. மழைநீர் புகுந்த கம்பியும் துருவேறிய இணைப்புமே அதற்குப் பகை. அறிந்த பணியாளர், குறை ஒரு வீட்டிலா, தெரு முழுவதிலுமா என்று முதலில் வினவுவார். பின்னர் மோடத்திலும் கம்பத்திலும் அலையின் வலிமையையும் இரைச்சலின் அளவையும் அளந்து ஒப்பிடுவார். ஒரு வீட்டின் தளர்ந்த இணைப்பின் வழியே நுழையும் இரைச்சல், அக்கம்பியைப் பகிரும் பிற வீடுகளின் இணைப்பையும் கெடுப்பதுண்டு. ஆதலால், துன்புறும் வீட்டிலேயே பழுது இருக்கும் என்று அவர் முடிவுசெய்வதில்லை.

ஓர் அளவை மட்டும் நம்பாது, பல அளவுகளை ஒப்புநோக்கிய பின்னரே காரணம் கூறுதல் அறிவியல் நெறி. பழுதில்லாப் பொருளைப் பிரித்துக் கெடுக்காமல் காப்பதும் அந்நெறியே.