ஒலுவிலில் தேங்கிய மணலும் அதற்கு வடக்கே இடிந்த கரையும்

2009 இன் முதல் மாதங்களில் புதுமாத்தளனுக்கும் வட்டுவாகலுக்கும் இடையில் பதுங்குகுழி வெட்டியவர்களுக்கு அந்த மண்ணைப் பற்றிச் சொல்லித் தரத் தேவையில்லை. கொஞ்சம் தோண்டினால் பக்கம் சரியும். இன்னும் தோண்டினால் தண்ணீர் ஊறும். சேலைகளைப் பைகளாகத் தைத்து, மண் நிரப்பி அடுக்கித்தான் குழியின் பக்கங்களை நிறுத்தினார்கள். கிழக்கே பெருங்கடல், மேற்கே நந்திக்கடல். நடுவில் கிடக்கும் அந்த ஒடுங்கிய நிலம் அலைகள் கொண்டுவந்து சேர்த்த மணலால் ஆனது.

அப்படிச் சேர்ந்த மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. நாங்கள் கரை என்று சொல்வது, மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மணல் ஆற்றின் ஒரு துண்டுதான். வடக்கு கிழக்கில் துறைமுகம், அலைதடுப்பு, கனிய மணல் அகழ்வு என்று திட்டங்கள் பேசப்படும் ஒவ்வொரு முறையும் இதை மனதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

மணல் எப்படி ஓடுகிறது? அலை பெரும்பாலும் கரைக்கு நேராக வருவதில்லை, சற்றுச் சரிந்து வருகிறது. கரையில் ஏறும்போது மணல்துகளையும் அதே சரிவில் மேலே கொண்டுபோகிறது. திரும்பும் தண்ணீரோ சரிவுக்கு நேராகக் கீழே இறங்கும். ஆகவே அந்தத் துகள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாமல் சற்றுத் தள்ளி வந்து சேர்கிறது. அடுத்த அலை இன்னும் கொஞ்சம் தள்ளும். இது காலில் படும் இடத்தில் நடப்பது. இதைவிட அதிகமான மணல், அலை உடைந்து நுரைக்கும் பகுதியில் கலங்கி, கரையோரமாக ஓடும் நீரோட்டத்துடன் போகிறது. கரைவலை இழுப்பவர்களுக்கு அந்த ஓட்டம் தெரியும். வலை போட்ட இடத்துக்கு நேராகவா எப்போதும் கரையேறுகிறது?

காற்றின் பருவத்தோடு இந்த ஓட்டமும் மாறும். வாடைக்காலத்தில் வடகிழக்கிலிருந்து வரும் அலை மணலைத் தெற்கே தள்ளும். கொந்தளிப்பான நாட்களில் கரை மணலை உரித்துக் கடலுக்குள் இழுத்து, நீருக்கடியில் திட்டாகப் போட்டுவிடும். வாடை ஓய்ந்தபின் வரும் அமைதியான அலைகள் அதில் பெரும்பகுதியைத் திரும்பக் கொண்டுவருகின்றன. மார்கழியில் கரை குறுகுவதும் சித்திரையில் அகலுவதும் இதனால்தான். அதை மட்டும் பார்த்துக் கடலரிப்பு என்று பயப்படத் தேவையில்லை. சோழகக் காலத்தில், கிழக்கில் கச்சான் என்பார்கள், தெற்கிலிருந்து வரும் நீண்ட அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. அம்பாறைக் கரையில் வருடக் கணக்கை முடித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம்.

நாயாறு, நந்திக்கடல், கொக்கிளாய் களப்புகளின் முகத்துவாரங்களிலும் இதே வேலைதான் நடக்கிறது. மழை ஓய்ந்து களப்பிலிருந்து வெளியேறும் தண்ணீரின் வேகம் குறைந்ததும், கரையோரமாக வரும் மணல் வாயை அடைக்கத் தொடங்கும். மாரியில் வெள்ளம் ஏறி வாய் உடையும், அல்லது வயல் மூழ்காமலிருக்க மக்கள் வெட்டிவிடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் விவசாயிக்கும் இறால் பிடிப்பவருக்கும் வரும் வாக்குவாதம் முல்லைத்தீவில் புதிதல்ல.

இந்த ஓட்டத்தின் குறுக்கே கல்லைப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். டென்மார்க்கின் கடனுதவியுடன் கட்டப்பட்ட ஒலுவில் துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. கடலுக்குள் நீண்ட அலைதடுப்புகள் வடக்கே போய்க்கொண்டிருந்த மணலை மறித்தன. தெற்குப் பக்கத்தில் மணல் குவிந்து கரை வளர்ந்தது. வடக்குப் பக்கத்தில் கடல் எடுத்துக்கொண்டு போவது நிற்கவில்லை, பதிலுக்கு வர வேண்டிய மணல்தான் வரவில்லை. தென்னைகள் வேரோடு சாய்ந்தன, காணிகள் போயின, அரிப்பு நிந்தவூர் வரை பேசப்படும் பிரச்சினையானது. மறிக்கப்பட்ட மணல் அலைதடுப்பின் முனையைச் சுற்றி வந்து துறைமுக வாயையும் அடைத்தது. படகுகள் போய்வர முடியாத துறைமுகம் யாருக்கு?

பிறகு நடந்ததுதான் மனதை உறுத்துகிறது. வாயில் அடைத்த மணலை அகற்றித் தாருங்கள் என்று மீனவர்கள் போராடினார்கள். முதலில் எங்கள் கரைக்கு வழி சொல்லுங்கள் என்று காணி இழந்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். இரு தரப்பும் ஒரே ஊரும் அயலும். இருவரும் கேட்டது ஒரே மணலைப் பற்றித்தான். தெற்கிலும் வாயிலும் தேங்கும் மணலை எடுத்து வடக்குக் கரையில் கொட்டுவதை ஒவ்வொரு வருடமும் நிறுத்தாமல் செய்வதாக இருந்தால் மட்டுமே அப்படிப்பட்ட இடத்தில் துறைமுகம் கட்டலாம். அந்தச் செலவு கட்டுமானச் செலவோடு முடிவதல்ல, துறைமுகம் இருக்கும் வரை இருப்பது. கரையில் கருங்கல் அடுக்குவது அதற்கு ஈடாகாது. கல் முடியும் இடத்திலிருந்து அரிப்பு அடுத்த ஊருக்கு நகரும்.

இது யாருக்கும் தெரியாத விஞ்ஞானமும் அல்ல. 1876 இல் சென்னையில் துறைமுக வேலை தொடங்கியபின், அங்கும் வடக்கே போகும் மணல் மறிபட்டது. தெற்கே சேர்ந்த மணலில்தான் மெரினா இன்றைய அகலத்துக்கு வந்தது. அந்த மணலை இழந்த வடசென்னையின் இராயபுரம் முதல் எண்ணூர் வரையான மீனவர் குடியிருப்புகள் பல தலைமுறைகளாகக் கடலரிப்போடு வாழ்கின்றன. மெரினாவில் காற்று வாங்குபவர்களில் எத்தனை பேருக்கு அது நினைவுக்கு வரும் என்பது வேறு விடயம்.

கரைக்கு வரும் மணலின் ஊற்றும் குறைந்திருக்கிறது. மணலைக் கடலுக்குக் கொண்டுவருபவை ஆறுகள். ஒலுவிலுக்கு அருகே கடலில் சேரும் பட்டிப்பளை ஆறு, அதாவது கல்லோயா, 1950களின் தொடக்கத்திலேயே இங்கினியாகலையில் அணை கட்டி மறிக்கப்பட்டுவிட்டது. அணைக்குப் பின்னால் தண்ணீர் மட்டுமல்ல, மணலும் தங்கிவிடும். போதாததற்கு ஆற்றுப் படுகைகளில் கட்டிடங்களுக்காக மணல் அள்ளப்படுகிறது.

புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலும் அலையின் வேலைதான். இல்மனைற்று சாதாரண வெள்ளை மணலைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு பாரமானது. வாடைக்கால அலை இலேசான துகளை வாரிக்கொண்டு போக, பாரமானது கரையில் தங்கிவிடுகிறது. அதை அள்ளிப் பிரித்து விற்கிறார்கள். அகழ்வு கொக்கிளாய்ப் பக்கம் நீள்வதை அங்குள்ளவர்கள் எதிர்ப்பதற்குக் காணிப் பிரச்சினை முதற்காரணம். கரையின் கணக்கும் இன்னொரு காரணமாக இருக்க வேண்டும். எவ்வளவு அள்ளப்படுகிறது, பிரித்தெடுத்தபின் மிஞ்சும் மணல் அதே கரைக்குத் திரும்புகிறதா என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு.

கேட்பதற்குச் சட்டத்திலும் இடமிருக்கிறது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரும் தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். அதற்குள் அபிவிருத்தி வேலைக்கு அனுமதி வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு கோரப்பட்டால் அந்த அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கும் கருத்துக்கும் வைக்கப்பட வேண்டும். பருத்தித்துறையில் மீன்பிடித் துறைமுகம் பற்றிப் பல வருடங்களாகப் பேசப்படுகிறது. துறைமுகம் தேவைதான். ஆனால் மணல் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது, மறிபட்டால் எந்த ஊர் இழக்கும், அந்த ஊருக்கு மணலை மாற்றிக் கொட்டும் செலவை யார் வருடாவருடம் தருவார்கள் என்ற கேள்விகளுக்கு அறிக்கையில் பதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதில் எமக்கு இன்னொரு இடைஞ்சல் உண்டு. கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் மக்கள் 1984 இல் வெளியேற்றப்பட்டு, கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்தே திரும்பினார்கள். மயிலிட்டிக் கரை 1990 இலிருந்து 2017 வரை மூடிக் கிடந்தது. கரை முன்பு எங்கே இருந்தது என்று தினமும் பார்த்துச் சொல்ல அங்கு ஆட்கள் இருக்கவில்லை. அந்த வருடங்கள் திரும்பி வராது. இனிமேலாவது ஒவ்வொரு கடற்றொழிலாளர் சங்கமும் ஒரு கோயிற் சுவரையோ கிணற்றுக்கட்டையோ அடையாளமாக வைத்து, அங்கிருந்து அலை ஏறும் கோடு வரை நாடாப் பிடித்து அளந்து, திகதி போட்டுப் படமும் எடுத்து வைக்கலாம். வாடை முடிந்ததும் ஒருமுறை, சோழகம் முடிந்ததும் ஒருமுறை போதும். ஒரு வருட அளவு பருவ மாற்றத்தை மட்டுமே காட்டும். ஐந்தாறு வருடங்கள் சேர்ந்தால்தான் கரை உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியவரும். முதல் கல் கடலில் விழுவதற்கு முன்பே அந்த அளவு தொடங்கியிருக்க வேண்டும்.