தங்கம் தேடும் ரீல்ஸும் அரியலூர் ஓடைகளும்: ஆளில்லாத இடத்தில் எதிரே வருபவரிடம் என்ன பேசுவது?

ஆற்று மணலை ஒரு தட்டில் அள்ளி, தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி அலசுகிறார் ஒருவர். கடைசியில் தட்டின் அடியில் மினுக்கென்று ஒரு பொட்டுத் தங்கம். இப்படி ஒரு ரீல்ஸாவது உங்கள் போனில் வந்து போயிருக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் இது வார இறுதிப் பொழுதுபோக்கு. விக்டோரியாவில் 10 ஆண்டுக்குச் செல்லுபடியாகும் ஒரு அனுமதிச் சீட்டு வாங்கினால், தடை செய்யப்பட்ட பகுதிகள் நீங்கலாக அரசு நிலத்தில் தேடலாம். தங்கம் கிடைக்குதோ இல்லையோ, முன்பின் தெரியாத ஒருவர் "என்ன, ஏதாவது மாட்டுச்சா?" என்று பக்கத்தில் வந்து நிற்பது மட்டும் நிச்சயம். அவர் யார், எதற்குக் கேட்கிறார் என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் நிஜமான சிக்கல்.

இங்கே அந்த ஆசையே வேண்டாம். சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் 1957-ன்படி, உரிமம் இல்லாமல் கனிமம் தேடுவதே குற்றம். 5 ஆண்டு வரை சிறை, ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். நீலகிரியில் கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் 1880-களில் ஆங்கிலேய கம்பெனிகள் தங்கம் தேடிக் கையைச் சுட்டுக்கொண்டன. அவை விட்டுப்போன சுரங்கங்களில் திருட்டுத்தனமாக இறங்கி, மண் சரிந்து உயிரை விட்டவர்கள் உண்டு. வேடிக்கைக்குக்கூட அந்தப் பக்கம் போகக் கூடாது.

ஆனால் தங்கம் இல்லாமலே இதே மாதிரியான தேடல் ஒன்று நம்மூரில் நடக்கிறது.

ஆண்டிமடத்துக்கு மேற்கே ஒரு கடல்

ஆண்டிமடத்தில் இருப்பது செம்மண்ணும் முந்திரிக்காடும்தான். மேற்கே செந்துறையைத் தாண்டி அரியலூர், அப்புறம் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்று போகப் போக நிலம் மாறும். சுமார் 11 கோடி ஆண்டு முதல் 6.6 கோடி ஆண்டு முன்பு வரை இந்தப் பகுதியில் கடல் ஏறி இறங்கியிருக்கிறது. மழை பெய்து ஓடையின் கரை அரித்தால் சிப்பி, நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட், கல்லாகிப்போன மரத்துண்டு எல்லாம் வெளியே வரும். 1840-களிலேயே கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இங்கே சேகரித்ததை, லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846-ல் வெளியிட்டார். உலகப் புவியியலாளர்களுக்கு அரியலூர் பழக்கப்பட்ட பெயர்.

சென்னை, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு லீவுக்கு ஊருக்கு வரும் இளைஞர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு ஓடை ஓடையாக நடப்பது ஒரு சுகம். பாம்பு, வெயில், தண்ணீர் தேங்கிய பழைய சுண்ணாம்புக்கல் குழி பற்றியெல்லாம் வீட்டிலேயே எச்சரித்து அனுப்புவார்கள். ஆட்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

அந்நியர் யார்? நீங்கள்தான்

ஆளில்லாத ஓடையில் நான்கு பேர் குனிந்து தரையைப் பார்த்தபடி நடக்கிறார்கள். கையில் சுத்தியல், முதுகில் பை, போனில் ஜி.பி.எஸ். தூரத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர் கண்ணுக்கு இவர்கள் யார்? அவர் சந்தேகப்படுவதற்கு நியாயமான காரணங்கள் இந்த மாவட்டத்துக்கு உண்டு.

முதலாவது சிலை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன சோழர் காலத்து நடராஜர், 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடத்துக்கு 50 லட்சம் டாலருக்கு விலைபோனது. 2014-ல்தான் அந்தச் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. கோயில் பக்கம் நோட்டம் விடும் வெளியூர் ஆளை இங்கே யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கங்கைகொண்ட சோழபுரமும் மாளிகைமேடும் பக்கத்திலேயே இருக்கும்போது, மெட்டல் டிடெக்டரோடு ஒருவர் வயலில் இறங்கினால் ஊர் என்ன நினைக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது நிலம். ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990-களில் நிலம் எடுக்கத் தொடங்கினார்கள். நிலக்கரியும் வரவில்லை, நியாயமான இழப்பீடும் வரவில்லை என்று விவசாயிகள் இருபது வருஷத்துக்கு மேல் கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலைந்தார்கள். 2021-ல் அரியலூர் மாவட்டத்தில் 10 இடங்களில் ஆய்வுக் கிணறு தோண்ட ஓ.என்.ஜி.சி. விண்ணப்பித்து, தமிழ்நாடு அரசு அதை நிராகரித்தது. இதையெல்லாம் பார்த்த ஒருவருக்கு, மண்ணை உற்றுப் பார்க்கும் பேன்ட் போட்ட ஆள் என்றாலே 'சர்வே எடுக்க வந்தவன்'தான்.

மூன்றாவதுதான் உயிருக்கே உலை வைப்பது: வதந்தி. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் வண்டியை நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் பிள்ளை பிடிப்பவர்கள் பற்றிய வதந்தி பரவிக்கொண்டிருந்த நேரம் அது. கூட்டம் கூடி அடித்ததில் சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி இறந்தார். கூட வந்தவர்களும் படுகாயம் அடைந்தார்கள். அவர்கள் செய்தது ஒன்றுமே இல்லை. தெரியாத ஊரில் தெரியாத பிள்ளைகளிடம் பாசமாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

அதனால் ஓடைக்குப் போகிறவர் கையில் சாக்லேட் இருந்தால் அது பைக்குள்ளேயே இருக்கட்டும். பிள்ளைகளை, குளிக்கும் இடங்களை, பெண்கள் வேலை செய்யும் வயலை போட்டோ எடுக்கவே கூடாது. ட்ரோன் பற்றிப் பேச்சே இல்லை.

முதலில் டீக்கடை

நேராக ஓடையில் இறங்குவதுதான் பலரும் செய்வது. அதற்குப் பதிலாக ஊர் முனையில் இருக்கும் டீக்கடையில் பைக்கை நிறுத்தி, ஒரு டீ குடித்து, வந்த விஷயத்தைச் சத்தமாகவே சொல்லலாம்.

"அண்ணே, நாங்க ஆண்டிமடம்ணே. பழைய கடல் சிப்பி கல்லா மாறிக் கெடக்குதாம்ல, அதப் பாக்கத்தான் வந்தோம். ஓடைக்கு எந்தப் பக்கம் போகணும்? அங்க யார் நெலம்ணே இருக்கு, போனா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

இந்த நாலு வரியில் ஊருக்குத் தேவையான எல்லாம் இருக்கிறது. எந்த ஊர், எதற்கு வந்தோம், எங்கே போகிறோம், அனுமதி கேட்கிறோமா. அரை மணி நேரத்தில் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிடும், அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. சொந்த ஊர்ப் பெயரைச் சொல்வதில் இன்னொரு லாபமும் உண்டு. "ஆண்டிமடத்துல யாரு வீடு?" என்று ஆரம்பித்து, கடைசியில் ஒரு தூரத்துச் சொந்தம் வந்து நிற்கும்.

நிலம் யாருடையது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண் கொடுத்து 'அ' பதிவேட்டைப் பார்த்தால், அது பட்டா நிலமா, ஓடைப் புறம்போக்கா என்று காட்டும். பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் எதிரே நிற்பவரிடம் போனை நீட்டி "இது புறம்போக்கு, கேக்க நீங்க யாரு?" என்று வாதாடுவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. பதிவேட்டில் அது புறம்போக்கு. அவருக்கு அது தாத்தா காலத்திலிருந்து ஆடு மேய்த்த இடம். "போங்க" என்றால் "சரிங்கய்யா, போயிடுறோம்" என்று கிளம்ப வேண்டியதுதான். ஓடை அடுத்த ஊரிலும் ஓடுகிறது.

பையைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டிவிடலாம். கல்லைப் போட்டுவிட்டுப் போகச் சொன்னால் அதையும் செய்யலாம். நாலைந்து பேர் கூடிக் குரல் உயர்ந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு பறப்பது ஆபத்து. ஓடுகிறவன் தப்பு செய்தவன் என்றாகிவிடும். "தலைவருக்கு போன் போடுங்க, போலீஸயே கூப்பிடுங்க, நாங்க இங்கேயே இருக்கோம்" என்று சொல்லிவிட்டு, நீங்களே 112-ஐ அழைப்பது நல்லது. தப்பு செய்தவன் போலீஸைக் கூப்பிட மாட்டான் என்பது கூட்டத்துக்கும் தெரியும். அதையும் மீறி யாராவது கை ஓங்கினால் அங்கே நின்று பேசிக்கொண்டிருக்க வேண்டாம். ஆட்கள் அதிகம் இருக்கும் கடை, வீடு பக்கம் போய்விட வேண்டும்.

சிமெண்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் செக்யூரிட்டி தடுத்தால் அவரிடம் கெஞ்சவே வேண்டாம். குத்தகை நிலம் என்பதோடு, உள்ளே வெடி வைப்பார்கள். அவர் உங்களைத் துரத்தவில்லை, காப்பாற்றுகிறார்.

லாரியைப் பார்த்தால்

இதற்கு நேர்மாறான ஆட்களும் உண்டு. ஓடைக்குள் பொக்லைன் நிற்கிறது, நம்பர் பிளேட்டில் சேறு பூசிய டிப்பரில் மணலோ கிராவலோ ஏறுகிறது என்றால், அங்கே பேச்சும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். வந்த வழியே திரும்பிவிட வேண்டும். 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை அவருடைய அலுவலகத்துக்குள் புகுந்தே வெட்டிக் கொன்றார்கள். அரசு அதிகாரிக்கே அந்த நிலைமை. புகார் சொல்ல வேண்டும் என்று தோன்றினால், வீட்டுக்குப் போன பிறகு சொல்லலாம்.

விலை தெரிந்த ஆள்

கோபப்படுகிறவரைவிட சிரித்துப் பேசுகிறவரிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். "தம்பி, டைனோசர் முட்டை கெடச்சா சொல்லுங்க, நம்மகிட்ட பார்ட்டி இருக்கு, லட்சக்கணக்குல தருவாங்க" என்பார். 2009-ல் செந்துறை பக்கம் டைனோசர் முட்டைப் படிமங்களை சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்த செய்தி உலகம் முழுக்கப் போனது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஒரு குளத்தில் உருண்டைக் கற்கள் கிடைக்க, 'டைனோசர் முட்டை' என்று வீடியோ பறந்தது. கூட்டம் கூடிய பிறகு, அவை முட்டையே அல்ல, அம்மோனைட் படிமங்கள் என்று நிபுணர்கள் விளக்கினார்கள். ஒரு லொகேஷன் பின் போதும், அடுத்த நாளே அந்த இடம் காலியாகிவிடும். போட்டோ போடுவதென்றால் ஊர்ப் பெயரும் லொகேஷனும் இல்லாமல் போடலாம். 'லைவ்' போவது இன்னும் மோசம். நீங்கள் இப்போது எந்த ஆளில்லா இடத்தில் நிற்கிறீர்கள் என்று ஊருக்கே அறிவிப்பது அது.

தங்கம் தேடும் ஆசை உள்ளவர்களுக்கென்றே தனியாக ஒரு வலை உண்டு. "வீட்டுக்கு வானம் தோண்டும்போது பொற்காசு கெடச்சுது, வெளிய சொல்ல முடியல" என்று ஒருவர் தயங்கித் தயங்கிப் பேசுவார். ஒரு காசைக் கொடுத்து நகைக்கடையில் உரசிப் பார்க்கச் சொல்வார். அது அசல் தங்கமாகவே இருக்கும். பணத்தை எடுத்துக்கொண்டு வரச் சொல்லும் இடம் ஒரு தோப்போ, பைபாஸ் ஓரமோ. அங்கே கைமாறும் மூட்டையில் இருப்பது பித்தளை. பணம் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம். அடி வாங்கித் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். போலீஸுக்குப் போகவும் கூச்சம், ஏனென்றால் வாங்கப் போனதே புதையல். இரிடியம், 'ரைஸ் புல்லிங்' கலசம் எல்லாம் இதே கதையின் வேறு வேஷங்கள். போன் வழியாகப் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

நிஜமாகவே காசோ சிலையோ மண்ணில் கண்ணில் பட்டால்? 1878-ம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. எடுக்காமல், அங்கேயே வைத்து போட்டோ எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ சொல்வதே உத்தமம். கூட நிற்கும் புது நண்பர் "நாமளே பிரிச்சுக்கலாம்" என்றால், அவரிடமிருந்து முதலில் விலக வேண்டும்.

புதைபடிவத்துக்கென்று தனிச் சட்டம் கொண்டுவர 2022 டிசம்பரில் மத்திய அரசு ஒரு வரைவு வெளியிட்டது. அதை வைத்து, இப்போது எதையும் அள்ளலாம் என்று நினைத்துவிடக் கூடாது. சாத்தனூர் கல்மரப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. முதல்முறை போகிறவர்கள் அங்கிருந்தும் வாரணவாசி அருங்காட்சியகத்திலிருந்தும் தொடங்கினால், எந்த ஆளையும் சமாளிக்க வேண்டியதில்லை. 18 மீட்டர் நீளக் கல்மரம் யாரும் கேள்வி கேட்காமல் படுத்துக் கிடக்கிறது.

தனியாகப் போவது ஆணுக்கும் நல்லதல்ல. பெண்கள் குழுவாகப் போனாலும், ஊர்க்காரர் ஒருவரையோ கல்லூரி புவியியல் துறையினரையோ சேர்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். 'காவல் உதவி' செயலியை முதல் நாளே போனில் ஏற்றி வைக்கலாம், 181-ம் நினைவில் இருக்கட்டும். ஓடைப் பள்ளத்தில் சிக்னல் பல நேரம் கிடைக்காது. அதனால் எந்த ஊர், எந்த ஓடை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இருட்டும் முன் மேலேறி, அதே டீக்கடையில் பொறுக்கிய இரண்டு சிப்பிக் கல்லைக் காட்டி, "கெளம்புறோம்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கலாம். அடுத்த மாதம் வரும்போது "என்ன தம்பி, இந்த வாட்டி எந்த ஓடை?" என்று அவரே கேட்பார்.