தமிழில் மருத்துவம் கற்பித்த வைத்திய கலாநிதி கிறீன்

மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தல் இயலுமா என்னும் வினா நம்மிடையே அடிக்கடி எழுவதாகும். அவ்வினாவுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே செயலால் விடையளித்தவர் வைத்திய கலாநிதி சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர்.

கிறீன் 1822ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷனைச் சார்ந்த வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டிலே மானிப்பாயிற் பணி தொடங்கினார். 1820இல் பண்டத்தரிப்பில் ஸ்கடர் என்பார் தொடங்கிய மருத்துவப் பணி, கிறீன் காலத்திலே கல்விப் பணியாகவும் விரிந்தது. நோயாளரைக் கவனித்தலோடு உள்ளூர் இளைஞரையும் வைத்தியராக்குதல் வேண்டும் எனக் கருதிய அவர், சிறு வகுப்பொன்றை அமைத்து முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார்.

1857இல் தாயகம் சென்று 1862இல் திரும்பிய பின்னர், 1864இல் தமிழ்மொழி மூல வகுப்பைத் தொடங்கினார். இம்மாற்றத்துக்குத் தக்க காரணம் உண்டு. ஆங்கிலத்திற் கற்றோர் அரசாங்க உத்தியோகத்தை நாடிக் கிராமத்தை விட்டகன்றனர். தமிழிற் கற்றவரோ தம் ஊரிலே தங்கி, தம் மக்கள் மொழியிலே பேசி, அவர்தம் பிணி தீர்ப்பர் என அவர் எண்ணினார். மாணவர் மேனாட்டு உடையும் நடையும் மேற்கொள்ளுதலையும் அவர் விரும்பினாரல்லர். மதம் பரப்புதலே அவரை இங்கு வரச்செய்த நோக்கம் என்பது மறைத்தற்குரியதன்று. ஆயினும் அவர் வகுத்த கல்விமுறை மதவெல்லையைக் கடந்து ஆராயத்தக்கது.

பாடநூல் இன்றிப் பாடம் நடவாது. எனவே, தாமும் தம் மாணவருமாக மொழிபெயர்ப்பிலே புகுந்தார். கட்டரின் நூலை முதனூலாகக் கொண்ட அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் 1852இல் வெளிவந்தது. இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் முதலியன பின்னர்த் தோன்றின. இவற்றுள் மனுஷ அங்காதிபாதம், மருத்துவ மாணவர் உலகெங்கும் போற்றும் கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவியது. இப்பெயர்களை உற்றுநோக்கின் அவர் கலைச்சொல்லாக்க முறை புலனாகும். இரண வைத்தியம் என்பது நம் வைத்தியரிடை முன்னரே வழங்கிய பெயர். அங்காதிபாதம் வடமொழி கொண்டு ஆக்கப்பட்டது. கெமிஸ்தம் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைவித்தது. வழக்கிலுள்ளதை முதலிற் கொள்ளுதல், அஃதில்வழி வடமொழியை நாடுதல், அதுவும் பொருந்தாவிடின் பிறமொழிச் சொல்லையே ஏற்றல் என்பது அவர் கைக்கொண்ட ஒழுங்காகும்.

கிறீனிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதின்மர் வரையினர். அவருட் பாதியளவினர் தமிழிலேயே கற்றவர். 1873இல் அவர் இந்நாட்டை விட்டு நீங்கினார். வூஸ்ரரில் இருந்தபோதும் தமிழ் நூற்பணியைக் கைவிடாது, 1884இல் இறக்கும்வரை தொடர்ந்தார். தமிழருக்கு ஊழியஞ் செய்த மருத்துவர் என்னும் குறிப்பு அவர் விருப்பின்படியே அவரது கல்லறையிற் பொறிக்கப்பட்டது.

எனினும், அவர் மூட்டிய சுடர் நீடித்து எரியவில்லை. 1870இல் கொழும்பிலே தோன்றிய அரசாங்க மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திற் கற்பித்தது. பதவியும் ஊதியமும் அம்மொழியைச் சார்ந்து நின்றமையால் மாணவரும் அதனையே நாடினர். 1978இல் யாழ்ப்பாணத்தில் எழுந்த மருத்துவ பீடமும் ஆங்கிலத்தையே போதனாமொழியாகக் கொண்டது. கிறீன் ஆண்ட சொற்கள் பலவும் வழக்கிழந்தன. அங்காதிபாதம் உடற்கூற்றியலாயிற்று, கெமிஸ்தம் இரசாயனவியலாயிற்று.

இதனால் அவர் முயற்சி வீண் எனக் கொள்ளற்க. தமிழிற் சொல் இல்லை என்பார்க்கு அவர் நூல்களே மறுமொழியாம். அவருடைய திட்டம் தளர்ந்தமைக்குக் காரணம் மொழியின் வறுமையன்று. அம்மொழியிற் கற்றார்க்குத் தொழிலும் மதிப்பும் அமையாமையே. தாய்மொழிக் கல்வியை விழைவோர் சொற்களை ஆக்குவதோடு அமையாது, கற்றவர்க்குரிய வாழ்வையும் வகுத்தல் வேண்டும். கிறீனின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.