தின்ன முடியாத பிஸ்கட்!

பிஸ்கட் என்றதும் குழந்தைகள் கையை நீட்டும். ஆனால், இந்தப் பிஸ்கட்டைக் கடித்தால் பல்தான் உடையும். இது மரத்தால் செய்த பிஸ்கட்!

பலகையோடு பலகையைச் சேர்த்து மேஜை, அலமாரி செய்கிறார்கள் அல்லவா? அந்தப் பலகைகளை உள்ளே இருந்து கவ்விப் பிடிப்பது இதன் வேலை. வெளியே ஆணி தெரியாது. திருகாணியும் தெரியாது.

தச்சரின் யோசனை

சுவிட்சர்லாந்து நாட்டில் லீஸ்டால் என்று ஓர் ஊர். அங்கே ஹெர்மன் ஸ்டைனர் என்ற தச்சர் பட்டறை வைத்து இருந்தார். அப்போது மரச் சீவல்களைப் பசையில் குழைத்து, அழுத்திச் செய்த பலகை புதிதாக வந்தது. அதை இணைக்க எளிய வழி தேடினார். 1950-களின் நடுவில் அவர் கண்ட வழிதான் இந்தப் பிஸ்கட்.

சிறிய வட்ட ரம்பம் உள்ள இயந்திரத்தால் இரண்டு பலகைகளிலும் பிறை வடிவில் பள்ளம் வெட்டுவார்கள். பள்ளத்தில் பசை தடவுவார்கள். பிஸ்கட்டின் ஒரு பாதி ஒரு பலகைக்குள் போகும். மறு பாதி அடுத்த பலகைக்குள் போகும்.

உப்பினால்தான் பலம்!

பீச் என்ற மரத்தை நன்றாக அழுத்தி இதைச் செய்கிறார்கள். பசையில் உள்ள தண்ணீரைக் குடித்ததும் பிஸ்கட் உப்பும். பள்ளத்தை அடைத்துக்கொண்டு இறுகும். இதுதான் அதன் பலம்.

ஆபத்தும் இதுதான்! பொட்டலத்தைத் திறந்து போட்டால், காற்றில் உள்ள ஈரத்தையும் அது குடித்துவிடும். முன்பே உப்பிவிடும்.

ஒருவர் அலமாரி செய்கிறார் என்று வையுங்கள். எல்லாப் பள்ளங்களிலும் பசை தடவிவிட்டார். பத்தாவது பிஸ்கட் உள்ளே போக மறுக்கிறது! சுத்தியலால் தட்டுகிறார். அதற்குள் பசை இறுகத் தொடங்கிவிடும். பலகை கோணலாக நின்றுவிடும். பலகையும் வீண், பணமும் வீண்!

வாங்கும்போது

0, 10, 20 என்று மூன்று அளவுகள் உண்டு. 20-தான் பெரியது. நீளம் 56 மில்லி மீட்டர். அகலம் 23. கனம் சுமார் 4. பலகை இடம் கொடுத்தால் பெரிய அளவே நல்லது. சிறு பலகைக்கு 0 போதும்.

விலை மலிவு என்று பெரிய பெட்டியாக வாங்கிவிடாதீர்கள். வேலைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். உறை கிழிந்து இருந்தால் வேண்டாம்.

வைக்கும்போது

மூடி இறுக்கமான டப்பாவில் போடுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றையும் உள்ளே போடுங்கள். தரையில் வைக்காதீர்கள். எடுத்த உடனே மூடுங்கள். கடலோர ஊரிலும் மழைக்காலத்திலும் கூடுதல் கவனம் வேண்டும்.

லேசாக உப்பி இருந்தால் இளஞ்சூட்டில் உலர்த்திப் பார்க்கலாம். தண்ணீரில் நனைந்ததைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

எப்போதும் பசை தடவும் முன்பு, பிஸ்கட்டைப் பள்ளத்தில் செருகிப் பாருங்கள். கையால் தள்ளியதும் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் வேலையை நிறுத்துங்கள்.

முறுக்கு நமுத்துப் போகாமல் இருக்க, வீட்டில் பெண்கள் டப்பாவை அழுத்தி மூடுகிறார்கள். அந்தக் கவனம் தச்சுப் பட்டறையிலும் வேண்டும். தின்கிற பிஸ்கட்டுக்கும், தின்ன முடியாத பிஸ்கட்டுக்கும் எதிரி ஒன்றுதான். அது ஈரம்!