நகத்துக்கு ஒரு கரை

நகம் முழுக்க மெல்லிய ரோஸ், நுனியில் மட்டும் பிறை வடிவில் ஒரு வெள்ளைப் பட்டை. அழகு நிலையத்தில் ‘ஃபிரெஞ்சு டிப்’ என்று கேட்டால் இதைத்தான் போட்டுவிடுவார்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பது காஞ்சிபுரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய சங்கதி இல்லை. காந்தி ரோட்டுப் பட்டுக்கடைகளில் தினமும் நடக்கும் வாக்குவாதமே அதுதான். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரையா, மாம்பழ மஞ்சளா? அந்த வாக்குவாதம் இப்போது கல்யாணப் பெண்ணின் நகம்வரை வந்திருக்கிறது.

ஃபிரெஞ்சுப் பெயர் இருந்தாலும் இது உருவான இடம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ். 1975-இல் அங்கே ‘ஓர்லி’ என்ற நகப்பூச்சு நிறுவனத்தைத் தொடங்கிய ஜெஃப் பிங்க்தான் இதைக் கடைச்சரக்காக்கியவர். ஹாலிவுட் நடிகைகள் ஒரே நாளில் பல உடைகள் மாற்றுவார்கள். ஒவ்வொன்றுக்கும் நகப்பூச்சை அழித்து வேறு நிறம் பூசிக்கொண்டிருந்தால் படப்பிடிப்பு நகராது. எந்த உடைக்கும் உறுத்தாத ஒரே பூச்சு வேண்டும். நகத்துக்கு இயல்பாக உள்ள ரோஸையும் வெளுப்பையுமே கொஞ்சம் தூக்கிக் காட்டினால் போதும் என்று அவர் கண்டுகொண்டார். பாரிஸ் ஆடை அணிவகுப்புகளில் அது எடுபட்ட பிறகு ஃபிரெஞ்சுப் பெயரைச் சூட்டி விற்றார்.

நிச்சயதார்த்தத்துக்கு ஒன்று, முகூர்த்தத்துக்குக் கூறைப்புடவை, வரவேற்புக்கு இன்னொன்று என்று மாற்றிக்கொண்டே இருக்கும் நம் ஊர்ப் பெண்ணுக்கும் அதே சிக்கல்தான்.

அந்த வெள்ளை நுனியை மனிதர்கள் கண்டுபிடிக்கவில்லை. நகத்திலேயே அது இருக்கிறது. நகத்தகட்டுக்கு என்று பெரிதாக நிறம் கிடையாது. அடியில் உள்ள படுகையில் இரத்தக் குழாய்கள் நிறைந்திருப்பதால் ரோஸாகத் தெரிகிறது. படுகையை விட்டு வெளியே நீண்ட பகுதிக்குக் கீழே காற்றுதான் இருக்கிறது, அதனால் வெளுத்துத் தெரிகிறது. இரண்டும் சந்திக்கும் வளைவைத் தொழிலில் இருப்பவர்கள் ‘ஸ்மைல் லைன்’ என்பார்கள். நடுவில் நுனியை நோக்கி ஏறி, இரண்டு ஓரங்களிலும் கீழே இறங்கும் வளைவு அது. பத்து விரல்களிலும் அந்த இறக்கம் ஒரே அளவாக வந்தால் கை தேர்ந்தவர் போட்டது. ஓரிடத்தில் தடித்து இன்னோரிடத்தில் மெலிந்தால் எத்தனை விலையுள்ள பூச்சானாலும் அரைகுறைதான்.

விரல் நகம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. கெரட்டின் என்ற புரதம் மூன்று அடுக்காகப் படிந்து உருவானது. நடு அடுக்குதான் தடிமனானது. அதில் இழைகள் விரலுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் ஓடுகின்றன. பாவைவிட ஊடை வலுத்த துணி என்று நெசவாளர்கள் சொல்லக்கூடிய அமைப்பு. பிரிட்டன் ஆய்வாளர்கள் 2004-இல் நகத்துண்டுகளை வெட்டிப் பார்த்து அளந்தார்கள். நகத்தைக் குறுக்கே வெட்டுவதற்கு ஆகும் ஆற்றலைப் போல இரண்டு மடங்கு, நீளவாக்கில் வெட்ட ஆகிறதாம். இந்த அமைப்பு இல்லையென்றால் நுனியில் விழும் ஒரு கீறல் சதைவரை பிளந்துகொண்டு போயிருக்கும். இப்போது அது பக்கவாட்டில் திரும்பி, நுனி மட்டும் கழன்றுவிடுகிறது.

இனிப் பூச்சு. சாதாரண நெயில் பாலிஷில் முக்கியமான பொருள் நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சிலும் மரத்திலும் உள்ள செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரிய வைத்துச் செய்வது. கார்களுக்கு அடித்த பெயின்ட்டிலும், பழைய சினிமாச் சுருளிலும் இருந்தது இதே பொருள்தான். எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் இது கரைந்திருக்கிறது. பூசியவுடன் கரைப்பான் ஆவியாகிவிடும், படலம் மட்டும் மிஞ்சும். பார்லருக்குள் நுழையும்போதே மூக்கில் ஏறும் பழவாசனை அந்தக் கரைப்பானுடையது. வெள்ளை நிறம் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. சுவர்ப் பெயின்ட்டில் உள்ளதும் அதுவே. அமெரிக்காவில் 1932-இல் ரெவ்லான் நிறுவனம் அடர்த்தியான நிறப் பூச்சுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் 1952-இல் டாட்டா குழுமம் தொடங்கிய லாக்மே, ஒரு ஃபிரெஞ்சு இசைநாடகத்தின் பெயரைத் தாங்கி வந்தது.

பூச்சு ஏன் உரிகிறது? நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே உள்ள படலம் அந்த அளவுக்கு விரிந்து சுருங்காது. பாத்திரம் கழுவி ஈரம் உலராத கையில் பூசினால் இரண்டாம் நாளே பெயர்ந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். அதனால் நகத்தை முதலில் நன்றாக உலரவிட வேண்டும். ரிமூவரில் நனைத்த பஞ்சால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு அடிப்பூச்சு, அது காய்ந்தபின் நுனிப் பட்டை, கடைசியில் மேல்பூச்சு. மேல்பூச்சை நகத்தின் விளிம்பைத் தாண்டி அடிப்பக்கம் லேசாக மடிந்து இறங்கும்படி இழுத்துவிட்டால் நுனி சீக்கிரம் உரியாது. பட்டைக்குக் கை நடுங்குகிறவர்கள் வளைவாக வெட்டிய ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்கிறார்கள். சிலிகான் பஞ்சில் சாயத்தைத் தடவி, நகநுனியை அதில் அழுத்தி எடுக்கிறவர்களும் உண்டு.

வெள்ளை நுனிக்கு நம் வீடுகளில் ஒரு பெரிய எதிரி இருக்கிறது: மஞ்சள். சாம்பாரில் பிசைந்து சாப்பிட்ட கையில் வெள்ளை நுனி மறுநாளே பழுப்பேறும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் இந்தப் படலத்துக்குள் புகுந்து ஒட்டிக்கொள்கிறது. அதை எடுக்கக் காரமான சோப்பு போட்டுத் தேய்த்தால் இன்னும் வேடிக்கை. காரம் பட்ட குர்குமின் சிவந்துபோகும். வெயில் பட்டால் குர்குமின் சிதைந்து வெளுக்கும் என்பதால் கொஞ்சம் பொறுத்திருப்பது நல்லது. நலங்கு வைக்கிற வீட்டில் முந்தின நாளே வெள்ளை நுனி போட்டுக்கொள்வது என் பார்வையில் வீண் செலவு. வெள்ளைக்குப் பதிலாகத் தங்கநிறமோ அரக்கோ வைத்துக்கொண்டால் மஞ்சள் என்ன செய்துவிடும்?

நிறநுனி என்றதும் மருதாணிக்கு வந்துவிடுகிறோம். அரைத்த இலையை விரல்நுனியில் உருட்டி, நகத்தையும் சேர்த்து மூடி ‘தொப்பி’ வைப்பது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம், ஐந்து விரலுக்கும் ஐந்து தொப்பி, அவ்வளவுதான் அலங்காரம். கூம்பிலிருந்து பிழிந்து கோலம் போடும் மெஹந்தி நம் ஊரில் பரவியது பின்னால். ஆடி மாதத்தில் அரைத்து வைத்துக்கொள்வதும் கல்யாணத்துக்கு முன் வைத்துக்கொள்வதும் இன்னும் நடக்கிறது. கொட்டைப்பாக்கு, கிராம்பு, எலுமிச்சைச் சாறு என்று அவரவர் வீட்டுப் பக்குவம் வேறு.

மருதாணி இலையில் லாசோன் என்ற நிறப்பொருள் சுமார் ஒரு சதவீதம் இருக்கிறது. இலை அரைபடும்போது அது வெளியே வருகிறது; புளிப்பு சேர்ந்தால் சிதையாமல் நிதானமாக வருகிறது. லாசோன் மூலக்கூறு கெரட்டினோடு வேதிப்பிணைப்பே ஏற்படுத்திக்கொள்கிறது. பாலிஷ் நகத்தின் மேல் படுத்திருக்கும் படலம், மருதாணி நகத்துக்குள் ஊறிய சாயம். அதனால்தான் அது உரிவதில்லை, ரிமூவருக்கும் அசைவதில்லை. வைத்து எடுத்தவுடன் ஆரஞ்சாக இருப்பது, காற்று பட்டு ஓரிரு நாளில் கருஞ்சிவப்பாகிறது. தோலின் மேலடுக்கு உதிர்ந்துகொண்டே இருப்பதால் கையில் உள்ள நிறம் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். நகத்துக்கு உதிரும் பழக்கம் இல்லை.

இந்த வேதியியல் காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. பட்டும் புரதம்தான், அதன் பெயர் ஃபைப்ராயின். பட்டு அசலா என்று பார்க்க ஒரு நூலைக் கொளுத்தி முகர்வார்களே, முடி பொசுங்கும் வாடை வந்தால் அசல் என்று? முடியும் நகமும் பட்டும் ஒரே வகைப் பொருள் என்பதுதான் அந்தச் சோதனையின் அடிப்படை. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும்போதும் புளிப்பேறிய வெந்நீரில்தான் முக்கி எடுக்கிறார்கள். எலுமிச்சை பிழிந்த மருதாணி, சாயத்தொட்டியின் சின்ன வடிவம்.

மருதாணி வைத்த நகத்தைச் சில மாதங்கள் கவனித்துப் பார்க்க வேண்டும். விரல் நகம் மாதம் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. முழுதாக மாற ஏறத்தாழ 6 மாதம். வேரிலிருந்து நிறமில்லாத புது நகம் தள்ளிக்கொண்டு வர, சிவப்பு மேலே நகர்கிறது. மூன்றாம் மாதத்தில் பாதி, நான்கைந்து மாதத்தில் நுனியில் மட்டும் ஒரு சிவப்புப் பிறை. யாரும் போடாமல் தானாக விழுந்த டிப் அது. வளைவு மட்டும் நேர் எதிராக இருக்கும், ஏனென்றால் அது நகக்கண்ணின் வடிவத்தை எடுத்துக்கொண்டு வருகிறது. முகூர்த்தத்தன்று நகம் சிவக்க வேண்டாம், பாலிஷ்தான் வேண்டும் என்கிறவர்கள் மருதாணிக்கு முன்பே நிறமற்ற பாலிஷை ஒரு பூச்சு பூசி நகத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். சாயம் படலத்தோடு நின்றுவிடும்.

புதுப்புது டிப் வடிவங்களுக்கு இணையத்தில் தேடுகிறவர்கள் அம்மாவின் பீரோவைத் திறந்தாலே போதும். காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால் நெய்து, சேரும் இடத்தில் இழையோடு இழை கோக்கிறார்கள். அதுதான் கோர்வை. மூன்று நாடா ஓட வேண்டும் என்பதால் பழைய தறிகளில் நெசவாளருக்குப் பக்கத்தில் உதவிக்கு இன்னொருவரும் உட்காருவார். எல்லைக்கோடு துல்லியமாக இருப்பதால்தான் இரண்டு நிறமும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கின்றன. நகத்துக்கும் இதுவே சூத்திரம்: நிறத்தைக் கூட்டுவதற்கு முன் கோட்டைச் சுத்தமாக்க வேண்டும்.

கோர்வையின் எல்லையில் பல் பல்லாக ஏறும் முக்கோண வரிசையைக் கோபுரக் கரை என்கிறோம். நகத்தில் வளைவுக்குப் பதில் மூன்று முக்கோணம் வைத்தால் அதுவே வரும். ஐந்துக்கு மேல் போனால் நசுங்கிவிடும். நடுவில் கூர்மையாக இறங்கும் வங்கி (தோள்வளை) வடிவம், குட்டை விரலையும் நீளமாகக் காட்டும். சன்னமான ஒற்றைக் கம்பி, நகம் வளர்க்காதவர்களுக்கு உகந்தது; நுனியில் இடமே இல்லாவிட்டாலும் அரை மில்லிமீட்டர் ஜரிகைக் கோடு போதும். மேல்கரை ஒரு நிறம், கீழ்க்கரை ஒரு நிறமாக வரும் கங்கா ஜமுனாவை நுனியிலும் அடிப்பிறையிலுமாகப் பிரித்துப் போடலாம். அடிப்பிறையை வெறுமையாக விட்டு மற்ற இடத்தில் பூசுவது 1930-களில் மேல்நாட்டில் பெரிய மோஸ்தர். மயில் கண்ணையும் ருத்ராட்சத்தையும் ஹேர்பின் முனையால் சாயத்தைத் தொட்டு வைக்கும் புள்ளிகளிலேயே கொண்டுவந்துவிடலாம்.

யாளி, அன்னம், இருதலைப்பட்சி மட்டும் வேண்டாம். கையை நீட்டிப் பார்க்கும் தூரத்தில் கண்ணால் பிரித்தறியக்கூடிய அளவு ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் அகல நகத்தில் யாளிக்குத் தும்பிக்கை வரைந்தால் வரைந்தவருக்கு மட்டுமே தெரியும். சாண் அகலக் கரையில் கம்பீரமாக நிற்பது இங்கே அழுக்குப் போலத் தெரியும். கோடு, முக்கோணம், புள்ளி இந்த மூன்றும்தான் இவ்வளவு சுருங்கியும் பிழைக்கின்றன.

நிறத்தேர்வில் ஹாலிவுட் நடிகையின் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். கல்யாணப் பெண் மாற்றிக் கட்டும் மூன்று புடவையிலும் பொதுவாக இருப்பது எது? ஜரிகை. உடல் அரக்கோ, மயில்கழுத்தோ, எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரிலேயே வழங்கும் எம்.எஸ். நீலமோ எதுவானாலும் கரையில் தங்கம் இருக்கும். ரோஸ் உடலில் ஜரிகைநிற நுனி வைத்தால் நாள் முழுக்க எந்தப் புடவையோடும் முரண்டு பிடிக்காது. பாலிஷில் மின்னுவது பெரும்பாலும் உலோக ஆக்சைடு பூசிய அப்பிரகத்தூள். புடவை ஜரிகையில் மின்னுவது, சிவப்புப் பட்டு நூலில் சுற்றிய வெள்ளிக் கம்பியின் மேல் ஏற்றிய தங்கம்.

பார்லர்களில் இப்போது ஜெல் பாலிஷ்தான் அதிகம். அது கரைப்பான் ஆவியாகிக் காய்வதில்லை. அக்ரிலேட் மூலக்கூறுகள் புறஊதா விளக்கின் கீழ் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகின்றன. இரண்டு மூன்று வாரம் தாங்கும். அரைகுறையாகப் பிணைந்த ஜெல் தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும், வந்தால் எளிதில் போகாது. ஜெல்லைக் கெட்டியாக்கத் துணைபுரியும் டிபிஓ என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் தடைசெய்துவிட்டது. டப்பாவின் மேல் உள்ள பட்டியலைப் பார்த்து வாங்குங்கள். மருதாணியிலும் உஷாராக இருக்க வேண்டிய இடம் உண்டு: அரைமணியில் கறுக்கும் ‘பிளாக் மெஹந்தி’. பல கூம்புகளில் தலைமுடிச் சாயத்துக்கான பாரா ஃபினைலீன் டையமின் கலந்திருக்கும், தோல் கொப்பளித்துப்போகும். ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை என்றால் ஒரு விரலாவது பூச்சில்லாமல் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஆக்சிஜன் பார்க்கும் கருவி நகத்தின் வழியேதான் ஒளியைச் செலுத்துகிறது.

கழற்றும்போது ஜெல்லைச் சுரண்டாதீர்கள்; நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வந்துவிடும். அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து அலுமினியத் தாளால் சுற்றி, கால்மணி நேரம் கழித்து எடுத்தால் தானே நெகிழ்ந்து வரும். நுனியை அரத்தால் ஒரே திசையில் தேய்த்து வழவழப்பாக்கி, பட்டின் மேல் ஒருதரம் மெல்ல ஓட்டிப் பாருங்கள். எங்காவது சிக்கினால் இன்னும் தேய்க்க வேண்டும். கல் பதித்த டிப் போட்டுக்கொண்டு கொசுவம் வைக்கக் கிளம்புகிறவர்கள், முதலில் வேறு யாரையாவது கொசுவம் வைக்கச் சொல்வது ஜரிகைக்கு நல்லது.