விலையை வெட்டும் சொல்



சந்தையில் மீன்காரர் பத்து வெள்ளி என்கிறார். நாம் எட்டுக்குக் கேட்கிறோம். ஒன்பதில் முடிகிறது. இதைத் தமிழில் பேரம் பேசுதல் என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஹேகிள்' என்பார்கள். அந்தச் சொல்லின் கதையை இன்று பார்ப்போம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய மக்கள், வெட்டுவதைக் குறிக்க வழங்கிய சொல்லே இதன் வேர். ஒழுங்கில்லாமல் கண்டபடி வெட்டுவதை ஆங்கிலேயர் 'ஹேகிள்' என்றனர். ஷேக்ஸ்பியர் 1599 வாக்கில் எழுதிய 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில், போர்க்களத்தில் வெட்டுப்பட்டுக் கிடக்கும் ஒரு பிரபுவைப் பற்றிச் சொல்லும்போது இச்சொல் வருகிறது. ஏறத்தாழ அதே காலத்தில், விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் பேசுவதற்கும் இது வழங்கலாயிற்று.

இதற்கு 'ஹிகிள்' என்ற தங்கைச் சொல் ஒன்றும் உண்டு. வெவ்வேறு வகை உழைப்பை ஒப்பிட்டு அளக்கத் துல்லியமான அளவுகோல் இல்லை, சந்தைப் பேரமே அதை ஒருவாறு சரிசெய்கிறது என்று ஆடம் ஸ்மித் 1776இல் எழுதியபோது இச்சொல்லையே கையாண்டார்.

1897இல் சிட்னி வெப், பீட்ரிஸ் வெப் தம்பதியர் 'தொழில் ஜனநாயகம்' என்ற நூலில் ஓர் அத்தியாயத்துக்கே இச்சொல்லைத் தலைப்பில் வைத்தனர். அவர்கள் காட்டிய சங்கிலி இது: பொருள் வாங்குபவர் கடைக்காரரிடம் விலையைக் குறைக்கிறார். கடைக்காரர் மொத்த வியாபாரியை நெருக்குகிறார். அவர் ஆலை முதலாளியை நெருக்குகிறார். முதலாளி தொழிலாளியின் கூலியில் கை வைக்கிறார். தனி ஆளாய் நிற்கும் தொழிலாளி யாரை நெருக்குவார்? முதலாளியால் பொறுத்திருக்க முடியும். தொழிலாளியின் அடுப்பு பொறுத்திருக்காது. ஆகவே எல்லாரும் சேர்ந்து பேச வேண்டும் என்றனர். 'கூட்டுப் பேரம்' என்னும் தொடரை 1891இலேயே எழுதி வழக்கில் கொண்டுவந்தவர் பீட்ரிஸ் அம்மையார்.

மலாயாவில் 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, தனித்தனிக் குரல்கள் பேச்சுவார்த்தையில் ஒரே குரலாயின.

மீன் விலை கட்டவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போகலாம். கூலி கட்டவில்லையென்று அப்படி எளிதில் போய்விட முடியாது. அங்கே சேர்ந்து நிற்பதுதான் பலம். எனவே, சங்கம் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை, படித்த பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி வீட்டில் எல்லாரும் கேளுங்கள். அது உங்களுக்காகப் பேசி முடித்த பேரம்.